மலையில் டிஜே வேலை: தொடக்கநிலையினர் அறிய வேண்டிய அடிப்படைகள்

உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் வட்டாரங்களில் டிஜே வேலையில் இறங்க விரும்பும் இளைஞர்கள் இரண்டு கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எந்தக் கருவியை வாங்குவது என்பது முதல் கேள்வி. வாங்கிப் பழகிய பிறகும் வேலை ஏன் வரவில்லை என்பது இரண்டாவது. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், ஹோட்டலில் பாட்டுப் போட உரிமம் தேவை, கல்யாணத்துக்குத் தேவையில்லை என்று செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால், இந்தத் தொழில் மலையில் நடக்குமா என்ற குழப்பமும் இவற்றோடு சேர்ந்துகொள்கிறது.

தொழில் நடக்கும். ஆனால் சமவெளி நகரங்களின் கேளிக்கை விடுதிகளை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்பட்ட பயிற்சிப் பாடங்களை அப்படியே பின்பற்றினால் நடக்காது. நீலகிரியில் ஒரு டிஜேயை மறுமுறையும் அழைக்க வைப்பது, எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு சத்தத்தில், யாருக்காகப் பாட்டுப் போடுகிறோம் என்பதைப் பற்றிய அவரது தெளிவுதான். அந்தத் தெளிவுக்கு வேண்டிய அடிப்படைகளை இக்கட்டுரை வரிசையாக விளக்குகிறது.

டிஜே செய்யும் வேலை என்ன

ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டைத் தாளம் தப்பாமல் அதனோடு சேர்த்து, ஆடுகிறவர்களின் கால் நிற்காமல் பார்த்துக்கொள்வதே டிஜேயின் அடிப்படை வேலை. அதற்கு ஒரே நேரத்தில் இரண்டு பாட்டுகளை ஓட்டும் ஏற்பாடும், இரண்டையும் கலக்கும் மிக்ஸரும், அடுத்த பாட்டைக் கூட்டத்துக்குக் கேட்காமல் தான் மட்டும் கேட்டுப் பார்க்க ஹெட்போனும் வேண்டும். 1972-ல் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 இசைத்தட்டுச் சுழலி இக்கலையின் நிலையான கருவியாயிற்று. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் 1970-களில் ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டி, ஆட்டத்துக்கு ஏற்ற தாளப் பகுதியை நீட்டிக் காட்டினார். இன்றைய கருவிகளில் ‘லூப்’ என்ற ஒரு பொத்தான் செய்வது அதே வேலைதான். 2001-ல் வந்த பயனியர் சிடிஜே-1000 இசைத்தட்டின் இடத்தில் குறுந்தகட்டை வைத்தது. தொடக்கநிலையினர் இன்று வாங்குவது, லேப்டாப்பில் ஓடும் மென்பொருளைக் கையால் இயக்கும் கன்ட்ரோலரை.

தெரிந்திருக்க வேண்டிய சொற்கள்

1. பிபிஎம். ஒரு நிமிடத்தில் விழும் தாள அடிகளின் எண்ணிக்கை. 120 பிபிஎம் என்றால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே அரை நொடி. ஒரு பாட்டு 120, மற்றது 120.5 என்று இருந்தால், சேர்ந்து தொடங்கிய இரண்டும் ஒரு நிமிடத்தில் அரை அடி விலகி நிற்கும். ஒன்றின் அடி மற்றதன் இடைவெளியில் விழும். காதுக்கு மிகச் சிறிதாகத் தோன்றும் வேறுபாடு ஆட்டத்தைக் குலைப்பது இவ்வாறுதான்.

2. பீட் மேட்சிங். இரண்டு பாட்டுகளின் வேகத்தையும் அடியையும் ஒன்றுசேர்ப்பது. மென்பொருளில் இதைத் தானாகச் செய்யும் ‘சிங்க்’ பொத்தான் உண்டு. முதல் சில மாதங்கள் அதைத் தொடாமல், காதால் கேட்டுச் சேர்க்கப் பழகுவதே நல்லது. மென்பொருள் தவறாகக் கணிக்கும் பாட்டுகள் நம் இசையில் ஏராளம்.

3. கீ லாக். பாட்டின் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் ஏறும். ஏறத்தாழ ஆறு சதவீதம் வேகம் கூட்டினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். இதைத் தடுத்துச் சுருதியை நிலையாக வைப்பது கீ லாக்.

4. ஃப்ரேஸ். நான்கு அடி ஒரு பார். எட்டு பார், அதாவது 32 அடி, பெரும்பாலும் ஓர் இசை வாக்கியம். 120 பிபிஎம்மில் அது 16 நொடி. அடுத்த பாட்டை வாக்கியத்தின் தொடக்கத்தில் கொண்டுவந்தால் கேட்பவருக்கு உறுத்தாது.

5. ஈக்யூ. கீழ், நடு, மேல் ஒலிகளைத் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் உதவுவது. இரண்டு பாட்டுகளின் பேஸும், அதாவது கீழ் ஒலியும், ஒரே நேரத்தில் முழுதாக ஒலித்தால் குழம்பிய இரைச்சல்தான் மிஞ்சும். ஒன்றைக் குறைத்துவிட்டே மற்றதை உயர்த்த வேண்டும்.

6. கெய்ன். பாட்டு மிக்ஸருக்குள் நுழையும்போதே அதன் அளவை நிர்ணயிப்பது. மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் ஒலியலையின் உச்சி வெட்டுப்படுகிறது என்று பொருள். வெட்டுப்பட்ட ஒலியில் மேல் அலைவரிசையின் ஆற்றல் மிகுந்து, ஸ்பீக்கரின் டுவீட்டர் கருகிப்போகக்கூடும். சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர்கள் புதிய டிஜேக்களைக் கண்டு அஞ்சுவதற்கு முதன்மையான காரணம் இதுவே.

நம் பாட்டுகளின் தாளம் ஏன் தனிப் பயிற்சி கேட்கிறது

பயிற்சிக் காணொளிகள் பெரும்பாலும் நான்கு அடித் தாளத்தில் அமைந்த மின்னணு நடன இசையைக் கொண்டே கற்றுத்தருகின்றன. அந்த இசை டிஜேக்களுக்காகவே உருவாக்கப்படுவது. தொடக்கத்திலும் முடிவிலும் தாளம் மட்டும் ஒலிக்கும் நீண்ட பகுதிகள் இருக்கும், வேகம் கணினித் துல்லியத்தில் மாறாமல் ஓடும். தமிழ்த் திரைப்பாட்டு அவ்வாறு அமைவதில்லை. முகப்பு இசை, பல்லவி, இடையிசை, சரணம் என்று செல்லும் அதன் முகப்பில் பல சமயம் தாளமே இருக்காது. கணினிக்கு முந்திய காலத்துப் பாட்டுகளில் வாத்தியக் கலைஞர்கள் கூடி வாசித்ததால் வேகம் மெல்ல ஏறி இறங்கும். மென்பொருள் தொடக்கத்தில் கண்டுபிடித்த வேகம் சரணத்துக்குள் பொருந்தாமல் போகும்.

இதைவிடப் பெரிய சிக்கல் நடை. குத்துப்பாட்டுகளில் பல திஸ்ர நடையில் அமைந்தவை. ஒவ்வோர் அடியும் உள்ளே மூன்று மூன்றாகப் பிரியும். ஆடுபவர் கால் தட்டுவது நிமிடத்துக்கு 100 என்று வைத்துக்கொள்வோம். அந்த அடிகள் மூன்றாகப் பிரிவதால் நிமிடத்துக்கு 300 சிறு தட்டுகள் ஒலிக்கும். மென்பொருள் அந்தத் தட்டுகளை இரண்டிரண்டாகக் கூட்டிக்கொண்டு, பாட்டின் வேகம் 150 என்று காட்டிவிடும். அதை நம்பி 150-ல் ஓடும் நான்கு அடிப் பாட்டோடு சேர்த்தால் ஒரு சில நொடிகளிலேயே ஆட்டம் நின்றுவிடும். ஆடுகிறவருக்குக் காரணம் தெரியாது, கால் மட்டும் குழம்பும். எனவே தொடக்கநிலையினர் பின்வரும் முறையில் பழகலாம்.

1. பாட்டைப் போட்டுக் கையால் தட்டி, மென்பொருளின் ‘டேப்’ பொத்தானில் உண்மையான அடியைப் பதிக்க வேண்டும். திரை காட்டும் எண்ணை இதோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.

2. சேகரிப்பை நடையின்படி பிரிக்க வேண்டும். அடி நான்காகப் பிரியும் சதுஸ்ரம் ஒரு தொகுப்பு, திஸ்ரம் ஒரு தொகுப்பு. படத்தின் பெயரையும் ஆண்டையும் கொண்டு பிரிப்பது கேட்பவருக்கு உதவும். மேடையில் நிற்கும் டிஜேக்கு நடையே உதவும்.

3. ஒரு நடையிலிருந்து மற்றதுக்குத் தாவும்போது முதன்மை அடி இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். திஸ்ரத்தில் 100 என்றால் சதுஸ்ரத்திலும் 100-ஐ ஒட்டிய பாட்டு. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் நேரத்தைக் குறுக்கி, ஒன்றின் தாளத்தை மட்டும் கேட்கவிட வேண்டும். பல்லவியின் முடிவில் வெட்டி அடுத்த பாட்டின் பல்லவியில் நேரே இறங்குவதும் முறையான உத்திதான். நீண்ட கலவை மட்டுமே திறமை என்ற எண்ணம் தவறானது.

4. ஒவ்வொரு பாட்டிலும் பல்லவி தொடங்கும் இடத்தை முன்கூட்டியே கியூ புள்ளியாக, அதாவது பொத்தானை அழுத்தியதும் பாட்டு அங்கிருந்தே ஓடும்படி, குறித்துவைக்க வேண்டும்.

நீலகிரியின் மலைவாழ் சமூகத்தினரான படுகர் இல்ல நிகழ்ச்சிகளுக்குப் பாட்டுப் போடுகிறவர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். படுகர் ஆட்டம் வட்டமாக, எல்லாரும் ஒரே அடவை ஒருசேர வைத்து ஆடுவது. வட்டம் ஓர் ஒழுங்குக்கு வருவதற்கே சற்று நேரம் பிடிக்கும். கேளிக்கை விடுதியில் செய்வதுபோல ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு பாட்டை மாற்றினால் வட்டம் உடையும். அங்கே பாட்டை முழுமையாக ஓடவிட்டு, அடுத்ததை அதே நடையில் தொடர்வதே டிஜேயின் திறமை.

எதை வாங்குவது

இது சுருக்கமாகவே சொல்லப்பட வேண்டியது. ஓரளவு நல்ல பழைய லேப்டாப், இரண்டு சேனல் கொண்ட சிறிய கன்ட்ரோலர், கம்பியுள்ள ஹெட்போன் ஆகியவை போதும். கன்ட்ரோலருக்குள்ளேயே ஒலி அட்டை இருந்து, கூட்டத்துக்குப் போகும் ஒலியையும் ஹெட்போனுக்குப் போகும் ஒலியையும் பிரித்துத் தருகிறதா என்று மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டும். மிக்ஸ் என்ற மென்பொருள் கட்டணமின்றிக் கிடைக்கிறது; விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். செராட்டோவும் ரெக்கார்ட்பாக்ஸும் பிறகு வரட்டும்.

ப்ளூடூத் ஹெட்போன் இந்த வேலைக்கு உதவாது. ஒலி அதை வந்தடைய நூறு முதல் இருநூறு மில்லிநொடி வரை தாமதமாகலாம். 120 பிபிஎம்மில் ஓர் அடி 500 மில்லிநொடி. ஆகவே தாமதம் 150 மில்லிநொடி என்றாலே அடியின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தப்பிவிடும்.

பாட்டுகளின் தரமும் முக்கியம். காணொளித் தளங்களிலிருந்து உருவி எடுத்த கோப்பு செல்போனில் நன்றாகவே ஒலிக்கும். பெரிய ஸ்பீக்கரில் பேஸ் சுருங்கி, மேல் ஒலி கரகரக்கும். விலை கொடுத்து வாங்கிய 320 கேபிபிஎஸ் எம்பி3 அல்லது வேவ் கோப்புகளைக் கொண்டு மெல்ல மெல்லச் சேகரிப்பை வளர்ப்பதே நிலைக்கும். அதன் நகலை ஃபேட்32 முறையில் அமைத்த இரண்டு பென் டிரைவுகளில் வைத்திருப்பது லேப்டாப் நின்றுபோகும் நாளில் கைகொடுக்கும்.

மலைக் காற்றில் ஒலி எப்படிப் பரவுகிறது

திறந்த வெளியில் தூரம் இருமடங்காகும்போதெல்லாம் ஒலியளவு ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். குன்னூரில் ஒரு தங்கும் விடுதியின் புல்வெளியில் வைத்த ஸ்பீக்கர் ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் தருகிறது என்று கொள்வோம். 64 மீட்டரில் அது 64 டெசிபல், 128 மீட்டரில் 58, 256 மீட்டரில் 52. குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் அனுமதிக்கும் சுற்றுப்புற ஒலியளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. தனியார் இடத்திலிருந்து வரும் ஒலி அதன் எல்லையில் இந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் மிகக்கூடாது. பகலில் நூற்று முப்பது மீட்டர் தள்ளி எல்லை இருந்தால் கணக்குச் சரியாக வரும். இரவில் கால் கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் வராது.

இந்தக் கணக்கு காற்று எங்கும் ஒரே வெப்பத்தில் இருப்பதாக எடுத்துக்கொண்டு போட்டது. மலையில் அவ்வாறு இருப்பதில்லை. ஒலியின் வேகம் வெப்பத்தோடு கூடும். பூஜ்ஜியம் டிகிரியில் நொடிக்கு ஏறத்தாழ 331 மீட்டர், 20 டிகிரியில் 343 மீட்டர். பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே போகப்போகக் குளிராகவும் இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து கலைந்துவிடும். பனி இறங்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களில், மேகமற்ற இரவில், தரை விரைவாகக் குளிர்ந்து பள்ளத்தாக்கில் குளிர்காற்று தங்கிவிடும். அதற்கு மேலே உள்ள காற்று ஒப்பீட்டளவில் வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது மேலெழும் ஒலி வளைந்து மீண்டும் தரைக்கே திரும்பும். நான்கு மணிக்கு அடுத்த எஸ்டேட்டில் கேட்காத பாட்டு, ஒன்பது மணிக்கு அதே அளவில் எதிர்ச்சரிவில் உள்ள ஹட்டிவரை (படுகர் ஊர்வரை) தெளிவாகக் கேட்பதற்கு இதுவே காரணம். “மாலையில் வைத்த அதே அளவுதான், கூட்டவே இல்லை” என்று டிஜே சொல்வது உண்மையாக இருக்கலாம். எதிர்ச்சரிவில் தூங்க முடியாதவர் சொல்வதும் உண்மையே.

இதிலிருந்து நடைமுறையில் செய்ய வேண்டியவை தெரிகின்றன. பெரிய ஸ்பீக்கர் இரண்டை ஒரு மூலையில் வைத்து முழுவதையும் நிரப்புவதைவிட, சிறிய ஸ்பீக்கர் நான்கை ஆடுகிறவர்களுக்கு அருகில், உள்நோக்கித் திருப்பி வைப்பது நல்லது. ஸ்பீக்கரின் முகம் பள்ளத்தாக்கைப் பார்க்காமல் மேட்டைப் பார்க்க வேண்டும். பேஸ் சுவரையும் காற்றையும் எளிதாகக் கடப்பதால், பொழுது சாயத்தொடங்கியதும் சப்வூஃபரின் அளவைத்தான் முதலில் இறக்க வேண்டும். விருந்தினர் வருமுன் ஒரு பாட்டை ஓடவிட்டு, எல்லை வேலிவரை நடந்துபோய்க் கேட்டுவர வேண்டும். செல்போன் செயலி காட்டும் டெசிபல் துல்லியமானதன்று என்றாலும், இருக்கும் நிலையைத் தோராயமாகச் சொல்லும்.

மசினகுடி, முதுமலைப் பக்கம் நிலைமை வேறு. யானைகள் மனிதக் காதுக்கு எட்டாத, 20 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலியிலும் தம்முள் பேசிக்கொள்கின்றன. தாழ்ந்த ஒலிகளை அவை நன்கு உணரும். சீகூர் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் வழித்தடத்தைக் காக்கும் வகையில் தீர்ப்பளித்தது. காட்டின் விளிம்பில் திறந்தவெளி டிஜே நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தால், எவ்வளவு பணம் பேசினாலும் மறுத்துவிடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

சட்டம் சொல்வது

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின் சாரம் இது.

1. ஒலிபெருக்கி பயன்படுத்த உரிய அதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். இங்கே நடைமுறையில் காவல் நிலையம் வழியாகவே விண்ணப்பிக்கிறார்கள்.

2. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்கம், சமுதாயக் கூடம், விருந்து மண்டபம் ஆகியவற்றுக்கு உள்ளே மட்டும் விலக்கு உண்டு. துணிப் பந்தலும் பாதி திறந்த வராந்தாவும் ஒலியைத் தடுப்பதில்லை என்பதால் அவற்றை மூடிய அரங்கமாகக் கருதிவிடக் கூடாது.

3. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்வு அளிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அந்தத் தளர்வு அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தனிப்பட்ட பிறந்தநாள் விருந்துக்கு அது தானாகப் பொருந்தாது.

4. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். அங்கே அளவு பகலில் 50 டெசிபல், இரவில் 40.

பாட்டுக்கான உரிமம் தனி விஷயம். ஒலிப்பதிவின் உரிமை ஒருவரிடமும், பாடல்வரி, மெட்டு ஆகியவற்றின் உரிமை வேறொருவரிடமும் இருக்கும். முன்னதற்குப் பிபிஎல் போன்ற அமைப்புகளும் பின்னதற்கு ஐபிஆர்எஸ் அமைப்பும் உரிமம் தருகின்றன. 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவில் சமயச் சடங்குகளுக்கு விலக்கு அளிக்கிறது. கல்யாண ஊர்வலமும், கல்யாணத்தைச் சார்ந்த கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று அப்பிரிவே விளக்குகிறது. 2023 ஜூலையில் மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறையும் இதை அறிவிப்பாக வெளியிட்டது. ஹோட்டலில் நுழைவுச்சீட்டு விற்று நடத்தும் புத்தாண்டு இரவுக்கு இந்த விலக்கு இல்லை. உரிமம் பெறும் பொறுப்பு விழாவை நடத்துகிறவருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

குளிர், ஈரம், மின்சாரம்

இரவு முழுதும் வண்டிக்குள் குளிர்ந்து கிடந்த கன்ட்ரோலரை, ஆள் நிறைந்த வெதுவெதுப்பான மண்டபத்துக்குள் கொண்டுவந்து உடனே திறந்தால், அதன்மேல் ஈரம் வியர்க்கும். பையைத் திறக்காமல் ஒரு மணிநேரம் உள்ளே வைத்திருந்துவிட்டு அதன்பிறகு மின் இணைப்புக் கொடுக்க வேண்டும். குளிரில் பேட்டரி சொன்ன நேரம் தாங்காது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஸ்பீக்கரில் ‘உம்’ என்று தொடர்ந்து ஓர் ஒலி வந்தால், லேப்டாப் சார்ஜரும் ஒலி அமைப்பும் வெவ்வேறு பிளக்குகளில் இருந்து மின்சாரம் எடுப்பது பெரும்பாலும் காரணமாக இருக்கும். இரண்டையும் ஒரே போர்டில் செருகினால் பல சமயம் தீர்ந்துவிடும். தீராவிட்டால் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் இந்த ஒலியைத் தடுக்கும் டிஐ பாக்ஸ் என்ற சிறு பெட்டியைக் கேட்கலாம். எர்த் பின்னை உடைத்துவிட்டுச் செருகும் பழக்கம் உயிருக்கே ஆபத்தானது. மழைக்கால மலையில் இன்னும் கூடுதலாக.

காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 85 டெசிபலில் எட்டு மணிநேரம்வரை வேலை செய்யலாம் என்பது தொழில்சார் காது நலத்தில் பின்பற்றப்படும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அவ்வாறு பார்த்தால் 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். காதடைப்பான் விலை குறைவு; போன செவித்திறன் திரும்புவதில்லை.

வேலை எங்கிருந்து வருகிறது

மலையில் வேலை பெரும்பாலும் மைக் செட், ரேடியோ செட் என்று ஊரார் சொல்லும் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் வழியாகவே வருகிறது. விழா வீட்டார் முதலில் தேடுவது அவர்களை, “டிஜேக்கும் ஆள் இருக்கா, அண்ணே?” என்ற கேள்வி பிறகுதான் எழுகிறது. ஆகவே கன்ட்ரோலர் வாங்கியவுடன் விளம்பர அட்டை அச்சடிப்பதைவிட, ஒரு சீசன் முழுதும் ஒரு சவுண்ட் சர்வீஸில் உதவியாளாக இருப்பது மேல். ஒயர் சுற்றுவது, ஸ்பீக்கர் ஏற்றுவது, மைக்கில் ஊளை வராமல் பார்ப்பது, ஜெனரேட்டருக்கு மாறும் அந்த ஒரு நிமிடத்தைச் சமாளிப்பது எல்லாம் அங்கேதான் கைவரும். விருந்து நேரத்தில் பெரியவர் ஒருவர் மேடையருகே வந்து, “தம்பி, பக்கத்துல இருக்கறவர் பேசறது காதுல விழல” என்று சொல்லும்போது, முகம் சுளிக்காமல் அளவை இறக்கி அவர் தம் இருக்கைக்குத் திரும்பும்வரை பார்த்திருக்கும் பழக்கமும் அங்கேதான் வரும். அடுத்த கல்யாணத்துக்கு யாரை அழைப்பது என்று முடிவு செய்வது பெரும்பாலும் அந்தப் பெரியவரே.

இம்மலையில் பிறர் வீட்டு நிகழ்ச்சிக்கு இசை தருவது புதிய தொழிலன்று. படுகர்களின் சடங்குகளுக்கு நெடுங்காலம் இம்மலையின் பழங்குடியினரான கோத்தர்களே குழலும் பறையும் கொண்டு இசைத்துவந்தார்கள். யாருடைய சடங்கு, எந்தக் கட்டம், எப்போது இசை ஓய வேண்டும் என்பதை அறிந்தே அவர்கள் வாசித்தார்கள். டிஜேயாக வருகிறவரும் அந்த அறிவைப் பெற்றாக வேண்டும்.

இனி வாய்ப்புகள்.

1. கல்யாண வரவேற்பு. மணமக்கள் நுழைவு, பரிசளிப்பு, விருந்து, ஆட்டம் என நான்கு கட்டங்கள். ஆட்டத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் கடைசி ஒரு மணிநேரம்தான். மற்ற நேரமெல்லாம் பேச்சை மறைக்காத மெல்லிசை. அந்த மெல்லிசையைத் தேர்ந்து வைத்திருப்பவர் குறைவு.

2. ஹோட்டல்களும் தங்கும் விடுதிகளும். வருகிறவர்களில் கேரளத்தாரும் கர்நாடகத்தாரும் மிகுதி. தமிழோடு மலையாளம், கன்னடம், இந்தி ஆகியவற்றிலும் தலா ஒரு மணிநேரத்துக்குப் பாட்டுகள் ஆயத்தமாக இருக்க வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கத்துக் கல்யாணங்களுக்கும் மலையாளம் இன்றியமையாதது.

3. எஸ்டேட் குடியிருப்புகளின் கோயில் விழாக்களும் ஊர் இளைஞர் மன்ற நிகழ்ச்சிகளும். பணம் குறைவு, ஆனால் பத்து வயதினரும் எழுபது வயதினரும் ஒரே இடத்தில் நிற்கும் கூட்டத்தைப் படிக்கக் கற்றுத்தருவதில் இவற்றுக்கு இணையில்லை.

4. உறைவிடப் பள்ளிகளின் விழாக்கள். நேரக் கட்டுப்பாடு கண்டிப்பானது; பாட்டுகளின் வரிகளை முன்கூட்டியே முழுதாகக் கேட்டு, தகாதவற்றை நீக்கிவிட்டுப் பட்டியலைப் பள்ளிக்குக் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும்.

வேலை கேட்டுச் செல்லும்போது இருபது நிமிடத்துக்கு மிகாத மாதிரிக் கலவைகள் மூன்று போதும்: ஒன்று விருந்து நேர மெல்லிசை, ஒன்று குத்து, ஒன்று பல மொழி. அவற்றைக் காணொளித் தளத்தில் ஏற்றினால் காப்புரிமைச் சோதனையில் தடைபடலாம் என்பதால், கோப்பாகவே அனுப்புவது நல்லது.

கட்டணமும் ஒப்பந்தமும்

தொடக்கநிலையினர் பக்கத்து ஊர்க்காரர் கேட்பதைவிடக் குறைத்துக் கேட்பதையே வழியாகக் கொள்கிறார்கள். அது ஒரு சீசனில் தாமே தம்மை மடக்கிக்கொள்வதாக முடியும். முதலில் செலவைக் கணக்கிட வேண்டும்: வாடகைக் கருவி, வண்டி, உதவியாள், பாட்டு வாங்கும் செலவு, கருவியின் தேய்மானம். அதன்மேல் ஆயத்த வேலைக்கும் மேடையில் நிற்கும் நேரத்துக்கும் கூலி சேர்க்க வேண்டும். இந்தத் தொகைக்குக் கீழே இறங்குவதாக இருந்தால், நேரத்தைக் குறைத்தோ லைட்டை நீக்கியோ இறங்க வேண்டும்.

உள்ளூர்க்காரருக்கு ஒரு சாதகம் உண்டு. 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 கோடையில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நாளொன்றுக்கு வேலை நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்ற வரம்பும் வந்தது. நீலகிரிப் பதிவெண் கொண்ட வண்டிகளுக்கு விலக்கு உண்டு. கோவையிலிருந்து கருவிகளோடு ஏறிவர வேண்டியவரைவிட மலையிலேயே இருப்பவரை நம்புவது விழா வீட்டாருக்கு எளிது. இதைச் சொல்லித்தான் கட்டணம் பேச வேண்டும்.

ஒப்பந்தம் ஒரு பக்கத்தில் அடங்கினால் போதும். நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், முன்பணம், கூடுதல் மணிக்கான தொகை, ஒலிபெருக்கி அனுமதி யார் வாங்குவது, பாட்டு உரிமம் யாருடையது, மழையாலோ மண்சரிவாலோ நிகழ்ச்சி தள்ளிப்போனால் முன்பணம் என்னாகும் என்ற எட்டும் அதில் இருக்க வேண்டும். முடியும் நேரத்தை இரவு 9.45 என்று எழுதுவது நல்லது. “இன்னும் ஒரே ஒரு பாட்டு” என்று கேட்கப்படும் கால்மணி நேரம் அதற்குள் அடங்கிவிடும்.

மலையின் ஆண்டுச் சுழற்சி

ஏப்ரலும் மே மாதமும் கோடை சீசன். மே மாதம் உதகைத் தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி. ஹோட்டல்கள் நிரம்பி வழியும் இந்த மாதங்களில் புதியவருக்கு முதன்மை வாய்ப்புக் கிடைப்பது அரிது. மூத்த டிஜேக்கு முன்னால் ஒரு மணிநேரம் பாட்டுப் போடும் வாய்ப்பைக் கேட்டுப் பெறலாம். செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசன். டிசம்பர் இறுதி கிறிஸ்துமஸும் புத்தாண்டும். மார்கழியில் கல்யாணங்கள் குறைவு என்பதால் அந்த வாரங்களில் ஹோட்டல் வேலையையே நம்ப வேண்டியிருக்கும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. அதற்குள் ஆடியும் வந்துவிடுவதால் கல்யாணமும் குறைவு, சுற்றுலாவும் குறைவு. சேகரிப்பை நடைவாரியாகப் பிரிப்பது, கருவிகளைப் பழுதுபார்ப்பது, மாதிரிக் கலவைகளைப் பதிவு செய்வது எல்லாம் இந்த மாதங்களுக்கு உரியவை. ஆள் வராத சனிக்கிழமைகளில் ஹோட்டல் மேலாளர்களும் பேசுவதற்கு ஓய்வாக இருப்பார்கள். ஓணம் விடுமுறைக்குக் கேரளத்திலிருந்து குடும்பங்கள் ஏறிவரும் நாட்களுக்காக, ஒரு மணிநேர மலையாளக் கலவையோடு ஜூலை இறுதியிலேயே அந்த மேலாளர்களைச் சந்தித்து, அந்த வார இறுதி இரவு விருந்துகளுக்கு நாளும் நேரமும் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.